வளவில் மழை விழும்போது எந்தக் கேமரா?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பள்ளத்தூரில் அவர் ஐயா காலத்து வீடு. பங்காளிகள் எட்டுப் புள்ளி, அதாவது எட்டுக் குடும்பம். வீட்டை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு முடிவுக்கு வருவதற்குள் மூலை முடுக்கு விடாமல் படமெடுத்து வைத்துவிட வேண்டுமாம். ஐப்பசிக் கடைசியில் இரண்டு வாரம் லீவு. கையில் 45 ஆயிரம் ரூபாய். கடைக்காரர், "ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர் எடுத்துக்கங்க" என்கிறார். கூட வேலை பார்ப்பவர், "மழைக்காலத்துல போற, தண்ணி புகாத சின்னக் கேமராவா வாங்கு, கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்கிறார். அப்படியே ஊரணி, கண்மாய், தையில் சிராவயல் மஞ்சுவிரட்டு எல்லாம் எடுக்க ஆசை. எதை வாங்குவது?

தம்பி, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய அந்த டிஎஸ்எல்ஆரையே வாங்குங்கள். பழையதாகக் கிடைத்தாலும் சரி. காரைக்குடியில் இருபத்துச் சொச்சம் வருஷமாகக் கல்யாணம், சாந்தி, வீடு என்று எடுத்துத் தள்ளியவன் நான். நீங்கள் கேட்கிற இரண்டு வகையும் என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்திச் சொல்ல எனக்குத் தேவையில்லை. ஆனால் உங்கள் நண்பர் மழை என்றதும் தண்ணீரை நினைத்துவிட்டார். நீங்கள் எடுக்கப்போவது வீட்டை. நம் வீடுகளில் கேமராவைத் திணற அடிப்பது இருட்டும் வெயிலும் ஒரே சட்டத்துக்குள் வருவதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். முகப்பில் நிலைவாசலுக்கு நேரே நின்று பாருங்கள். எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் பட்டாலை என்கிற முன்கூடம், வளவு என்கிற முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரைக்கும் ஒரே கோட்டில் தெரியும். ஊருக்கு வருகிற எல்லோரும் முதலில் எடுப்பது இந்தப் படத்தைத்தான். எடுத்துவிட்டுப் பார்த்தால் வளவு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருக்கும். இல்லையென்றால் பட்டாலைத் தூண்கள் கரிக்கட்டையாக இருக்கும். ஒரு வீட்டில் பகல் பதினொரு மணிக்கு அளந்தே பார்த்தேன். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8 என்று வைத்தால் வெயில் விழும் முற்றத்துக்கு நொடியில் 400ல் ஒரு பங்கு போதும். பட்டாலையின் உள்மூலைக்கு 2 நொடி வேண்டியிருந்தது. கணக்குப் போட்டால் 800 மடங்கு வித்தியாசம். நம் கண் இதைப் பொருட்படுத்தாது. கேமராவுக்குள் படத்தைப் பதிக்கும் சென்சாருக்கு இது பெரிய பாரம்.

இங்கேதான் சென்சாரின் அளவு வேலை செய்கிறது. ஆரம்ப நிலை கேனான் டிஎஸ்எல்ஆரின் சென்சார் 22.3க்கு 14.9 மி.மீ. தண்ணீர் புகாத கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 6.17க்கு 4.55 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பரப்பில் சுமார் 12 மடங்கு வித்தியாசம். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 போன்றவற்றின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 2 வரை திறக்கும் (எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ் எஃப் 3.5 வரைதான். ஆகவே அந்த 12ல் 3 மடங்கை லென்ஸே ஈடுகட்டிவிடும். மிச்சம் 4 மடங்கு நிற்கிறது. அந்த 4 மடங்குதான் இருட்டுப் பக்கத்தில் தேக்கு ரேகை தெரிகிறதா, பழுப்புக் குழம்பாகத் தெரிகிறதா என்பதைத் தீர்மானிக்கும். பர்மாத் தேக்கில் வேலைப்பாடு செய்த நிலையைக் குழம்பாக எடுத்து வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

"ட்ரைபாடில் வைத்து ஐஎஸ்ஓ 100ல் எடுத்தால் சின்னக் கேமராவும் நன்றாகத்தானே வரும்?" என்று கேட்கலாம். வரும். திரையில் பார்க்க அழகாகவே இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு நிழலைத் தூக்குவீர்களே, அப்போது சாயம் வெளுத்துவிடும். சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் டிஎஸ்எல்ஆரின் ரா கோப்பு அந்த இழுப்பைத் தாங்கும். டிஜி-6ம் ரா கொடுக்கும்தான். ஆனால் 12 மெகாபிக்சல், சின்னச் சென்சார், இழுத்தால் சீக்கிரம் கிழிகிறது. இன்னொரு தண்ணீர் புகாத கேமராவான நிக்கான் டபிள்யூ300ல் ரா வசதியே கிடையாது.

எந்த டிஎஸ்எல்ஆர் என்றால், உங்கள் வேலைக்குக் கேனான் 1500டி. 2018ல் வந்தது, 24.1 மெகாபிக்சல். அதே வருஷம் வந்த நிக்கான் டி3500 கையில் பிடிக்கச் சுகமான கேமரா. புதிதாகத் தயாரிப்பதை நிறுத்திவிட்டாலும் பழையது நிறையக் கிடைக்கிறது. ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து மூன்று படம் தானாக எடுக்கும் பிராக்கெட்டிங் அதில் இல்லை. 1500டியில் இருக்கிறது. வளவை எடுப்பவனுக்கு அது இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஒரு படம் நடுவாக, இன்னொன்று இரண்டு படி குறைத்து, மற்றொன்று இரண்டு படி கூட்டி. மூன்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விலை குறைவு என்று 3000டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் கண் பவருக்குத் திருகிக்கொள்ளும் சக்கரமும் இல்லை. கண்ணாடி போடுகிற உங்கள் அப்பச்சி ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன் என்றால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.

லென்ஸ் விஷயத்தில் பலரும் ஏமாறுவார்கள். கேனானின் சென்சார் பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது, 1.6ஆல் பெருக்க வேண்டும் என்பதால் 18 மி.மீ. என்பது நடைமுறையில் 29 மி.மீ. ஆகிவிடும். எண் கூடினால் காட்சி குறுகும். அதே கணக்கில் டிஜி-6 தொடங்குவதே 25ல். அதாவது பெட்டியோடு வரும் லென்ஸைவிட உங்கள் நண்பர் சொன்ன கேமரா அகலமாகப் பார்க்கும்! வளவைச் சுற்றியுள்ள உள்வீட்டு அறைக்குள் நின்று 29ல் எடுத்தால் பாதி அலமாரிதான் கிடைக்கும். கேனான் 10-18 லென்ஸைப் பழையதாகத் தேடி எடுங்கள். 16 மி.மீ. அகலம் கிடைக்கும், வளவின் ஒரு மூலையில் நின்றால் எதிர் மூலையும், மேலே ஓட்டுச் சரிவும், கீழே கல் தரையும் ஒன்றாக வரும். அப்புறம் ஆடாத ட்ரைபாட் ஒன்று. பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), 18-55, 10-18, ட்ரைபாட் எல்லாவற்றையும் உங்கள் 45 ஆயிரத்துக்குள் அடக்கப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் பாடியில் இறங்கி வாருங்கள், லென்ஸில் இறங்காதீர்கள்.

அகல லென்ஸில் கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தாலும் தூண்கள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்துகொள்ளும். நேராகப் பிடியுங்கள். நெஞ்சு உயரத்தில் ட்ரைபாட், 2 நொடி டைமர், கையை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் டியூப் லைட்டை அணையுங்கள். சுவரில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று திட்டுத் திட்டாக விழுந்தால் எந்த மென்பொருளாலும் துடைக்க முடியாது. பிளாஷைத் திறக்கவே திறக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய நம் சுவர் கண்ணாடி மாதிரி. பிளாஷ் அதில் ஒரு வெள்ளைக் கொப்புளமாக உட்கார்ந்துகொள்ளும். பட்டாலையில் சட்டம் போட்டு மாட்டிய ரவிவர்மாப் படங்களுக்கும் அதே கதிதான். 18-55க்குப் பளபளப்பை அடக்கும் 58 மி.மீ. போலரைசர் ஒன்று வாங்கி மாட்டி, பக்கவாட்டில் கொஞ்சம் விலகி நின்று, அதைத் திருப்பிக்கொண்டே பாருங்கள். கண்ணாடியின் பளபளப்பு வடிந்து உள்ளே இருக்கும் சரிகை வேலை தெளிந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சின்னக் கேமராவில் இந்த வேலைக்குத் தனியாக வளையம் தேடி அலைய வேண்டும்.

1500டியின் திரை மடங்காது, திரும்பாது. தரையோடு தரையாக ஆத்தங்குடித் தரைக்கல்லை எடுக்கப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். பகலில் அதில் படுப்பது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை.

இனி மழைக்கு வருவோம். உங்கள் நண்பர் பயப்படுகிற அந்த மழைதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பெரிய உதவி. ஐப்பசியில் வானம் மூடாக்குப் போட்டுவிட்டால் நான் சொன்ன அந்த 800 மடங்கு வித்தியாசம் மளமளவென்று இறங்கிவிடும். முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். சித்திரை வெயிலில் எட்டு நாள் எடுத்தாலும் வராத படம் ஐப்பசி மத்தியானத்தில் அரை மணியில் வரும். மழை விழத் தொடங்கினால் நாலு பக்க ஓட்டிலிருந்தும் வளவுக்குள் தாரை தாரையாக இறங்கும், அதற்கடியில் அண்டாவை வைப்பார்கள், பிள்ளைகள் ஓடிப்போய் நனைவார்கள். இதை நீங்கள் எங்கே நின்று எடுப்பீர்கள்? பத்தியில், தூணை ஒட்டி, ஓட்டுக்குக் கீழே. ஒரு சொட்டு மேலே படாது. நம் வீட்டைக் கட்டியவர்களே உங்களுக்கு மழைக்குடை பிடித்துவிட்டார்கள். தூவானம் அடித்தால் லென்ஸ் முனைக்கு ஓட்டை விட்ட பிளாஸ்டிக் பையும் ஒரு ரப்பர் பேண்டும் போதும். நான் சொன்ன டிஎஸ்எல்ஆர்களுக்குத் தண்ணீர்க் காப்பு கிடையாது என்பது உண்மை. நனைந்துவிட்டால் உடனே அணைத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றி, துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் மூடி வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள். தவிடு உள்ளே போய்விடும்.

தண்ணீரைவிட நான் பயப்படுவது தூசிக்கு. நம் செம்மண் புழுதி இருக்கிறதே, லென்ஸைக் கழற்றும் அரை நிமிஷத்தில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். 1500டியிலும் டி3500லும் சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்யும் வசதி இல்லை. ஒருமுறை ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற பட்டறைக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் சாயக் குழம்பை ஊற்றுகிறார்கள், அச்சைத் தூக்குகிறார்கள், மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறார்கள். அந்தத் தூவலுக்கு நடுவே நின்று லென்ஸை மாற்றினேன், புத்தி கெட்டுப்போய். அன்று எடுத்த அத்தனை படத்திலும் வானம் இருந்த இடத்திலெல்லாம் கறுப்புப் புள்ளி. அன்று அந்தப் பட்டறைக்கு உகந்தது உங்கள் நண்பர் சொன்ன கேமராதான். லென்ஸ் உடம்புக்குள்ளேயே அசைவதால் வெளியே நீளாது, தூசி புக வழியில்லை. அச்சின் பித்தளை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் போய் எடுக்கும் மைக்ரோஸ்கோப் வசதியும் டிஜி-6ல் உண்டு. ஒரு சாயம் இன்னொன்றைத் தொடுகிற ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கலப்பது அதில் தெரிந்தது. அந்தப் படத்தை என் டிஎஸ்எல்ஆரால், அதற்கென்று மேக்ரோ லென்ஸ் வாங்காமல், எடுத்திருக்க முடியாது.

ஆகவே அதை மட்டமாக நினைக்க வேண்டாம். டிஜி-6க்கு 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், 100 கிலோ எடை ஏறினாலும் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். 2023ல் வந்த டிஜி-7ம் அதே ரகம்தான். எடை 250 கிராம் சொச்சம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்தன்று கூட்டத்துக்குள் பாலும் மஞ்சள் தண்ணீரும் மேலே தெறிக்கத் தெறிக்க நான் கொண்டுபோவது அதைத்தான். ஊரணியில் படித்துறைக்கு அடியில், தண்ணீர் மட்டத்தோடு கேமராவை வைத்துப் பிள்ளைகள் குதிப்பதை எடுப்பதற்கும் அதுதான். டிஎஸ்எல்ஆரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படித்துறைப் பாசியில் நின்றால் படம் எங்கே வரும், கவனமெல்லாம் காலில்தான் இருக்கும்.

ஆனால் 'தண்ணீர் புகாது' என்பதை வரம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம். இதே வகைக் கேமரா ஒன்றை முன்பு ஊரணியிலேயே இழந்தேன். பேட்டரிக் கதவை மூடும்போது ஒற்றைத் தலைமுடி ரப்பருக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது, பிறகு லென்ஸுக்குப் பின்னால் பனி படர்ந்த மாதிரி ஆனது, அப்புறம் திரை அணைந்தது. பழுது பார்க்கிற இடத்தில் கதவைத் திறந்து முடியைக் காட்டி, "இதுக்கு வாரண்டி வராதுண்ணே" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். தண்ணீரில் இறங்குமுன் கதவின் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், தொண்டிக் கடலில் முக்கினால் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள், ஈரக்கையோடு கதவைத் திறக்காதீர்கள்.

மஞ்சுவிரட்டுக்கு இரண்டுமே அப்படியே உதவாது. டிஜி-6ன் ஜூம் 100 மி.மீ. வரைதான், சிராவயல் பொட்டலில் அதை வைத்து மாட்டின் கண்ணை எடுக்க வேண்டுமென்றால் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கேமரா 100 கிலோவைத் தாங்கும், நீங்கள் தாங்குவீர்களா? 1500டியில் 55-250 லென்ஸை மாட்டிக்கொண்டு, வண்டி மேலோ மேடை மேலோ ஏறி நின்றுகொள்ளுங்கள். உச்சி வெயிலில் பின் திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டர் அங்கேதான் சோறு போடும். சின்னக் கேமராவில் அது இல்லை. அதே லென்ஸோடு மார்கழியில் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் ஒரு காலை போய்வரலாம், நத்தைக்குத்தி நாரை கண்மாய் மரத்தில் அடைந்து கிடக்கும். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அவர்கள். நீங்களும் சத்தம் போடாமல் எடுத்துவிட்டு வாருங்கள். 55-250 இந்த வருஷப் பட்ஜெட்டில் வராது. தைக்குள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். பணம் இருந்தால் தாராளமாக. கம்பெனிகளே அந்தப் பக்கம் போய்விட்டார்கள், அதனால்தான் பழைய டிஎஸ்எல்ஆரும் லென்ஸும் மலிவாகக் கிடைக்கின்றன. பட்ஜெட் 45 ஆயிரம் என்பவருக்கு அந்த மலிவுதான் லாபம். போன்? பகலில் முகப்பை எடுக்கவும், பங்காளிகள் குழுவில் அன்றன்றைக்கு அனுப்பவும் போன் போதும். உண்மையில் பகல் வெளிச்சத்தில் தண்ணீர் புகாத கேமராவின் படத்தைவிட இன்றைய நல்ல போனின் படம் பல நேரம் மேலாகவே இருக்கிறது. அந்தக் கேமராவுக்குக் காசு கொடுப்பது படத் தரத்துக்கு இல்லை, அது போகிற இடத்துக்குத்தான்.

பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16ல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி தெரிந்துவிடும். கூடுதலாக ஒரு பேட்டரி வாங்குங்கள். 1500டிக்கு ஒரு சார்ஜில் சுமார் 500 படம் என்று கணக்கு. மூன்று மூன்றாக எடுத்தால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

எதை எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்லோரும் எடுக்கிற நீள வாக்குப் படத்தோடு நிற்காதீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனாலும் வீடு பிரிப்பது நிற்கவில்லை. பிரித்த நிலையும் தூணும் அலமாரியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்கும். அப்போது இது எங்கள் வீட்டு நிலை என்று சொல்ல உங்களிடம் அடையாளம் இருக்க வேண்டும். நிலையின் இரு பக்கத்தையும் மேல் பலகையையும் தனித்தனியே, பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்து எடுங்கள். தூணின் தலை, பாதம், தாழ்ப்பாள், சாவித்துவாரம், அடுப்படியில் அம்மி தேய்ந்த பள்ளம், உள்வீட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ கரியால் எழுதி வைத்த கணக்கு.

அந்த உள்வீடுகள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றாகப் பூட்டித்தான் கிடக்கும். ஒரு சாவி கோயம்புத்தூரில் இருக்கும், ஒன்று சிங்கப்பூரில் இருக்கும். கேமரா ஆர்டர் போடும் முன் எட்டுச் சாவியும் யார் யாரிடம் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.